கன்னியாகுமரிக்கு வேனில் போன சைக்கிள்

சைக்கிளில் ஒரு குறையும் இல்லை சார், தாராளமாகத் திருப்பிப் பாருங்கள். 'கொஞ்ச காலமே ஓட்டியது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தேன். ஏன் கொஞ்ச காலம் என்று கேட்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கன்னியாகுமரிக்குப் போகும்போது வழியில் என் மனைவிக்குத் தொடை பிடித்துக்கொண்டது, அத்தோடு விட்டுவிட்டாள் என்று சொல்வேன். எனக்குச் சொல்லப்பட்டதும் அதுதான். ஆனால் அந்தக் கதையை நானே ஆறு வருடமாக நம்பவில்லை. நான் நம்பாததை உங்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

உட்காருங்கள். வெயில் தாழ்ந்ததும் ஓட்டிப் பார்க்கலாம். யாருக்கு வாங்குகிறீர்கள், வீட்டம்மாவுக்கா? அப்படியென்றால் நீங்கள் கேட்க வேண்டிய விஷயம்தான்.

நான் வாகன இன்சூரன்சில் சர்வேயர். விபத்தான வண்டியைப் போய்ப் பார்த்து, சேதத்துக்கு மதிப்புப் போடுகிற வேலை. முப்பது வருடம். லாரிக்கு அடியில் போன சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? பாயைச் சுருட்டியது போல இருக்கும். இதைச் சொல்வது எதற்கென்றால், என்னைப் பயந்தாங்கொள்ளி என்று பேசியவர்கள் உண்டு. நான் பயந்தது என் கண்ணால் பார்த்ததற்கு.

என் மனைவி பெயர் இந்திராணி. அவளுக்கு ஒரே தங்கை, பவானி. புற்றுநோய். கடைசி நாட்களில் ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் இல்லத்தில் வைத்திருந்தோம். இனிமேல் குணமாகாது என்று ஆனவர்களுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற இடம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. அந்த இல்லத்துக்கு நிதி சேர்ப்பதற்காக வருடத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவார்கள். பவானிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, இந்திராணி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நான் அதுல போறேன்."

"எதுல?"

"சைக்கிள்ல. கன்னியாகுமரிக்கு."

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"தெரியாதுதான். ஆகஸ்ட்லதான போறாங்க. இப்ப ஜனவரி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவளே தனியாகப் போய் இந்தச் சைக்கிளை வாங்கிவந்தாள். என்னைக் கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கனமானதாக, நிதானமாகப் போகிறதாகப் பார்த்திருப்பேன். கூப்பிடவில்லை.

நாற்பத்தாறு வயதில் சைக்கிள் கற்றுக்கொள்வது லேசு இல்லை சார். சிறு பிள்ளைகளுக்கு விழுவது பழக்கம். பெரியவர்களுக்கு அது மறந்துபோயிருக்கும். காலனிக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. விடியற்காலையில் அங்கே கூட்டிப்போய் நான்தான் பிடித்துவிடுவேன். சாதாரணமாக என்ன செய்வார்கள்? 'பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. 'விட்டுட்டேன், விட்டுட்டேன்' என்று சொல்லுவேன், ஆனால் பிடித்திருப்பேன். எது பாதுகாப்பு, நீங்களே சொல்லுங்கள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "விட்டுட்டேன்னு சொன்னீங்க?" என்பாள். "விடத்தான் போறேன், முன்னாடி பாரு" என்பேன். இப்படியே ஒரு மாதம் ஓடியது. பழகவே இல்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

பிறகு ஒரு பஸ் கவிழ்ந்த கேசுக்காகத் தேனிக்குப் போய் இரண்டு நாள் தங்கவேண்டி வந்தது. திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்குகிறேன், எதிரே தெருவில் சைக்கிளில் வருகிறாள். முழங்கை இரண்டிலும் பிளாஸ்திரி. முகமெல்லாம் வேர்வை. அப்படி ஒரு முகத்தை நான் கல்யாணமாகி அதுவரை பார்த்ததில்லை.

"யாரு கத்துக்குடுத்தா?"

"யாருமில்ல. நீங்க ஊர்ல இல்ல, அதான்."

அதான் என்றால் பொழுது போகாமல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்துக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் அழகர்கோவில் ரோட்டில் பயிற்சிக்குப் போவார்கள். பாத்திமா டீச்சர் என்று ஒருவர், அவர்தான் தலைவி மாதிரி. விடியுமுன்னே கிளம்புவார்கள். தெருவிளக்கு பாதி எரியும், பாதி எரியாது. நான் என்ன செய்ய முடியும்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இண்டிகேட்டரை மினுக்கவிட்டு, லாரி வந்தால் ஹாரன் அடித்து, நாய் வந்தால் விரட்டி. தினமும். என் தூக்கத்தை விட்டுவிட்டு சார்.

கூடப் போன பெண்களுக்கு அது கேலியாகப் போயிற்று. "வழி விடுங்கடி, மந்திரியம்மா கான்வாய் வருது" என்று ஒருத்தி கத்துவாள். "இந்திராணியக்கா, அண்ணன் சைரன் வாங்கலையா இன்னும்?" என்பாள் இன்னொருத்தி. பாத்திமா டீச்சர் மட்டும் ஒருநாள் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "சார், நீங்க பின்னாடி வந்தா அவங்க ரோட்டைப் பாக்க மாட்டேங்கறாங்க. உங்களைத்தான் பாக்கறாங்க." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்க்கட்டும் என்றேன்.

அப்புறம் இந்த சீட். நீங்கள் இப்போது கை வைத்திருக்கிறீர்களே, அதேதான். இதை ஏற்றிவைத்தால் உட்கார்ந்தபடி கால் தரையில் ஊன்றாது. விரல் நுனிதான் தொடும். அப்படித்தான் வைக்கவேண்டுமாம், அப்போதுதான் மிதிக்கும்போது கால் நீளுமாம், இல்லாவிட்டால் முட்டி போய்விடுமாம். பாத்திமா டீச்சர் ஏற்றிவிடுவார். எனக்கு மனசு கேட்குமா? லாரி பக்கத்தில் வரும்போது சட்டென்று இரண்டு காலையும் ஊன்ற வேண்டாமா? அவள் குளிக்கப் போனதும் ஒரு விரல் அளவு இறக்கிவைப்பேன். மறுநாள் அவர் ஏற்றுவார். நான் இறக்குவேன். முட்டி வலிக்கிறது என்பாள், ராத்திரி தைலம் தேய்த்துவிடுவேன். அதிலும் ஒரு குறை வைக்கவில்லை. மதுரையில் புறப்பட்ட அன்றுகூட ஒரு விரல் இறக்கித்தான் அனுப்பினேன்.

இந்தப் பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மற்றது புரியும். ஓட்டுகிற ஒவ்வொருவரும் அந்த இல்லத்தில் இருக்கிற ஒருவருடைய பெயரைத் துணியில் எழுதி முதுகில் கட்டிக்கொள்வார்கள். உயிரோடு இருக்கிறவர் பெயர். கிளம்புமுன் அவரைப் போய்ப் பார்த்து, அவர் கையாலேயே துணியை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் கடைசியாக ஒரு வேன் வரும். முடியாதவர்களை அது ஏற்றிக்கொள்ளும். ஆனால் பெயர் வேனில் ஏறக்கூடாது. ஏறுகிறவர் துணியை அவிழ்த்து, ஓட்டுகிற இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆள் நின்றாலும் பெயர் போய்ச் சேரவேண்டும், அதுதான் ஏற்பாடு.

இந்திராணிக்குக் கிடைத்தது செல்லத்தாயி என்ற அம்மாள். துணி வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"எவ்வளவு தூரம் தாயி?"

"இருநூத்தம்பது கிலோமீட்டர் இருக்கும் ஆத்தா. மூணு நாள்."

"நான் பொறந்ததுலருந்து சாத்தூரத் தாண்டுனதில்ல. எம் பேராச்சும் கடலப் பாக்கட்டும்." பிறகு துணியை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேற ஆளுகிட்ட மாத்திவிடுவாகளாமே. நீ விட்றாத. நீயே கொண்டு போ."

"நானே கொண்டு போறேன்."

"உம் புருசன் என்ன, இவரும் ஓட்டுறாரா?"

"இல்ல ஆத்தா. அவர் கூட வர்றவரு."

நான் சிரித்துவைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லாருக்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். குடும்பத்தார் வண்டி எதுவும் பின்னால் வரக்கூடாது, நாற்கரச் சாலையில் அது ஆபத்து என்றார்கள். நான் எழுந்து கேட்டேன். ஆகஸ்ட் மாதத்தில், வள்ளியூருக்குத் தெற்கே காற்று ஆளைத் தள்ளுகிற மாதத்தில், போன வருடம் வரை சைக்கிளே தெரியாதவர்களைக் கூட்டிப்போகிறீர்கள், ஒன்று ஆனால் யார் பொறுப்பு? கேட்டது தப்பா? வேனில் சிஸ்டர் மெர்லின் வருவார், இல்லத்து நர்ஸ், முதலுதவி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். இந்திராணி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

முதல் நாள் கோவில்பட்டி. நான் பின்னால் போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். விருதுநகருக்குக் காரில் முன்கூட்டியே போய் ரோட்டோரம் நின்றேன். பின்னால் வரக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? வந்தாள், நின்றாள், நான் கொண்டுபோன மோரைக் குடித்தாள். "போதும், வீட்டுக்குப் போங்க" என்றாள். இரண்டாம் நாள் திருநெல்வேலி வரைக்கும்தான். கயத்தாறில் நின்றேன். மோர், குளுக்கோஸ், குடை எல்லாம் வைத்திருந்தேன். நிற்காமல் போனாள். காற்றில் நிறுத்தினால் மறுபடி ஏறுவது சிரமம், அதனால் இருக்கும். பின்னால் வந்த பாத்திமா டீச்சர்தான், "சார், அவங்களைப் பூட்டி வைக்க வீட்ல பூட்டு இல்லாம போச்சா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் போன் பண்ணினாள். அவளாகப் பண்ணியது அந்த ஒரு தடவைதான்.

"நாளைக்கு வராதீங்க."

"எனக்கு வள்ளியூர்ல ஒரு லாரி சர்வே இருக்கு."

"இருந்தா அதைப் பாருங்க. ரோட்ல வந்து நிக்காதீங்க."

"நின்னா என்ன? நான் என்ன உன்னை ஓட்ட விடாம பிடிச்சா வைக்கிறேன்?"

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். பிறகு சொன்னாள்: "கடைசி நாள் மட்டும் நானா போய்ச் சேர்றேங்க. அங்க கடல்கிட்ட வந்து நில்லுங்க. நானா வந்து உங்களைப் பாக்கறேன்."

"சரி."

"நிக்க மாட்டீங்கள்ல?"

"சரின்னேன்ல."

மறுநாள் வள்ளியூரில் லாரி வேலை நிஜமாகவே இருந்தது சார், பொய் இல்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது. நேரே கன்னியாகுமரிக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். பணகுடி தாண்டியதும் காற்று காரையே ஒரு பக்கமாக இழுக்கிறது. காற்றாலை விசிறி ஒவ்வொன்றும் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது. தார்ப்பாய் கிழிந்து படபடக்கிற ஒரு லோடு ஆட்டோ ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தபிறகு நான் எப்படிப் போவேன்? நீங்கள் போவீர்களா? கொஞ்ச தூரத்தில் ஒரு மேம்பாலம். அதைத் தாண்டி இறங்கினால் ஒரு டீக்கடை. அங்கே நிறுத்தினேன். ஓரமாக மறைவாக நிறுத்தவில்லை, கடைக்கு முன்னால், ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்தினேன். என் கார் சிவப்பு. தூரத்திலேயே அவள் பார்க்கட்டும், ஒரு தைரியம் வரட்டும் என்று நினைத்தேன்.

ஒவ்வொருவராகப் பாலத்து மேல் தலை தெரிந்து, இறங்கி, என்னைத் தாண்டிப் போனார்கள். பாத்திமா டீச்சர் போனார். என்னைப் பார்த்ததும் முகம் மாறி, பின்னால் திரும்பிப் பார்த்தார். கேலிகூடப் பண்ணவில்லை. பிறகு வெகுநேரம் யாரும் இல்லை. நான் கடைக்குள் போய் டீ குடித்தேன். இன்னொன்று குடித்தேன். கடைசியாக பாலசரவணன் என்று ஒரு வங்கி அதிகாரி, பருத்த ஆள், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் முதுகில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துணி. மேலே இருந்ததில் செல்லத்தாயி என்று எழுதியிருந்தது.

அவருக்குப் பின்னால் வேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. நிற்கவில்லை.

நான் காரில் ஏறி அதன் பின்னாலேயே போனேன். கன்னியாகுமரியில் மேளம், பந்தல், மாலை எல்லாம் இருந்தது. வேனிலிருந்து இந்திராணி இறங்கினாள். நானும் எத்தனையோ விபத்துக் கேசு பார்த்தவன், எவன் நொண்டுகிறான் எவன் நடிக்கிறான் என்று நடையிலேயே தெரியும். அவள் நேராக நடந்தாள். தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, வேன் கூரையிலிருந்து சைக்கிளை இறக்க ஒரு கை கொடுத்துவிட்டு, நேராக நடந்தாள்.

"என்னாச்சு?"

"முடியல."

"எங்க வலிக்குது?"

"முடியலங்க. விடுங்க."

அதற்குமேல் அவள் வாயிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை. தொடை பிடித்தது என்பதுகூட அவள் சொன்னதில்லை. அதைச் சொன்னது மெர்லின் சிஸ்டர். "தொடை பிடிச்சுக்கிட்டு சார். ஓரமா உக்கார வச்சு ஐஸ் வச்சேன், உப்புத் தண்ணி குடுத்தேன். இனி ஓட்டாண்டாம்னு நான்தான் சொன்னேன்."

மதுரைக்கு வந்த மறுநாள் இந்திராணி இல்லத்துக்குப் போனாள். நான் வெளியே காரில் இருந்தேன். செல்லத்தாயி பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

"என்ன உண்மை?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மாதமே செல்லத்தாயி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் கேட்கவும் வழியில்லை.

எனக்கு அப்போது என்ன சந்தேகம் என்றால், இவர்கள்தான் அவளைக் கட்டாயப்படுத்தி ஏற்றியிருக்கிறார்கள் என்று. பந்தலில் விருந்தினர் காத்திருக்கிறார், கடைசி ஆட்கள் தாமதம், ஏற்று வேனில் என்று. நிர்வாகத்துக்கு மூன்று முறை புகார் எழுதினேன். முடியும் என்கிறவளை முடியாது என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாக: தாங்களாக இறங்குகிறவர்களை மட்டுமே நாங்கள் ஏற்றுகிறோம். தாங்களாக! ஆறு மாதம் விழுந்து எழுந்து பழகியவள், நானே கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள், ஒரு தொடை பிடிப்புக்காக அந்தத் துணியை அவிழ்த்துக் கொடுப்பாளா? ஐஸ் வைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, தள்ளிக்கொண்டாவது போயிருக்க மாட்டாளா? அவளை எனக்குத் தெரியாதா?

இப்போது அவள் இங்கே இல்லை. பெங்களூரில், மகள் வீட்டில். பிரசவத்துக்குப் பார்த்துக்கொள்ளப் போனாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளை கொஞ்சம் தலையெடுக்கட்டும், வருவாள். தினம் மூன்று வேளை போன் பண்ணுகிறேன், பெரும்பாலும் மகள்தான் எடுப்பாள். 'அம்மா வாக்கிங் போயிருக்காங்கப்பா, போனை வச்சிட்டுப் போயிட்டாங்க' என்பாள். சைக்கிளை என்ன செய்ய என்று மகள் மூலமாக நான்தான் கேட்டேன். வித்துருங்க என்றாளாம்.

போன மாதம் பவானியின் நினைவு நாள். வருடா வருடம் அந்த இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுப்போம். இந்த முறை நான் தனியாகப் போனேன். மெர்லின் சிஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. பந்தி முடிந்து, அவர் கை கழுவிவிட்டு வந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். தொடை பிடித்தது, ஓரமாக உட்காரவைத்தது, ஐஸ், உப்புத் தண்ணீர். ஆறு வருடத்துக்கு முன் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்று கூடவில்லை, குறையவில்லை. வண்டி இடித்ததாகப் பொய் சொல்கிறவர்கள்தான் அப்படி மாறாமல் சொல்வார்கள், எனக்குத் தெரியும்.

"எதுக்கு சார் திரும்பத் திரும்ப? அவங்களே அதை விட்டுட்டாங்க," என்றார்.

நான் விடவில்லை சார். அந்த மேம்பாலத்துக்கு நான் அதற்குப் பிறகு பல தடவை போய்வந்துவிட்டேன். வடக்கேயிருந்து வரும்போது ஏறி முடிக்கிறவரை எதிரில் வானம்தான் தெரியும். உச்சிக்கு வந்தால்தான் அந்தப் பக்கத்து ரோடு விரியும். டீக்கடை தெரியும். கடைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார் நின்றால் அதுவும், அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் அதுவும் பளிச்சென்று தெரியும். தொடை பிடிக்கிறதென்றால் ஏற்றத்தில் பிடிக்கும். மேலே வந்துவிட்டால் இறக்கம், மிதிக்கக்கூட வேண்டாம், காற்றுக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே வந்து யாரும் இறங்கமாட்டார்கள், எதிரில் எதையாவது பார்த்தாலொழிய.

சிஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்காத ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"சிஸ்டர், அவ எறங்குனது பாலத்துக்குக் கீழயா, மேல வந்த பிறகா?"